உடும்பு ஏறிய குன்று

நுழையும்முன்

ஊர்ப்பெயர்கள் வரலாற்றின் சுருக்கெழுத்துகள். ஓர் ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டாலும் பழைய பெயர் எங்கேனும் ஒரு கல்லிலோ கதையிலோ தங்கிவிடுகிறது. கிருட்டிணகிரி மாவட்டத்தின் எல்லை நகரமான ஓசூரில், தொழிற்சாலைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு குன்றுக்கோயில் அத்தகைய பழம்பெயர் ஒன்றைக் காத்து வருகிறது. அதனைத் தேடிச் செல்கிறது இப்பாடம்.

பெங்களூரிலிருந்து கிருட்டிணகிரி நோக்கி நெடுஞ்சாலையில் வருவோர்க்குத் தமிழக எல்லையைக் கடந்த சிறிது நேரத்தில் ஓசூரின் குன்றுகள் தோன்றும். அவற்றுள் ஒன்றின் உச்சியில் மரகதாம்பிகை உடனுறை சந்திரசூடேசுவரர் திருக்கோயில் அமைந்துள்ளது. அருகில் உள்ள குன்றுகளைப் பிரம்மமலை என்றும் பெருமாள்மலை என்றும் மக்கள் அழைக்கின்றனர். குன்றின் மேல் நின்று பார்த்தால் கீழே பேருந்து நிலையமும் குடியிருப்புகளும், அவற்றுக்கு அப்பால் தொழிற்பேட்டையின் கூரைகளும் விரியும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானபின், ஊர்தி, கடிகாரம், இயந்திரக் கருவி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளால் வளர்ந்த நகரம் இது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருட்டிணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. இங்கு வாழும் குடும்பங்களுள் பல, வேலை தேடி வெளியூர்களிலிருந்து வந்து தங்கியவை. எனவே ஓசூர் என்றவுடன் ‘நேற்று முளைத்த நகரம்’ என்னும் எண்ணம் பலர்க்கும் எழுகிறது.

ஊரின் பெயரும் அவ்வெண்ணத்திற்குத் துணைநிற்கிறது. ‘ஹொஸ’ என்னும் கன்னடச் சொல்லுக்குப் ‘புதிய’ என்பது பொருள். ஹொஸ ஊரு என்பது ஹொசூராகி, தமிழில் ஹகரம் நீங்கி ஓசூராயிற்று. இங்கு மொழியியல் செய்தி ஒன்றையும் அறிந்துகொள்ளலாம். தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம், பிற்காலக் கன்னடத்தில் ஹகரமாகத் திரியும். பால் ‘ஹாலு’ ஆகும். புலி ‘ஹுலி’ ஆகும். பல் ‘ஹல்லு’ ஆகும். ‘ஹொஸ’ என்பதும் பழங்கன்னடத்தில் ‘பொஸ’ என்றே வழங்கிற்று. நம் ‘புது’ என்னும் சொல்லுக்கு அஃது உறவுச்சொல். ஆகவே ஓசூரும் தமிழகத்தின் பல மாவட்டங்களில் உள்ள புத்தூர்களும் பெயரளவில் உடன்பிறந்தவை.

புதியது என்று ஓர் ஊரைச் சொல்லும்போது, அதற்கு முன் பழையது ஒன்று இருந்திருத்தல் வேண்டும். அந்தப் பழைய பெயர் கல்வெட்டுகளில் இருக்கிறது. முரசு நாட்டைச் சேர்ந்த செவிடபாடி என்பதே அது. இறைவனும் கல்வெட்டில் சந்திரசூடேசுவரர் என வழங்கப்பெறவில்லை. செவிடை நாயனார் என்றே குறிக்கப்பெறுகிறார்.

உடும்பின் கதை

‘செவிடை நாயனார்’ என்னும் பெயரைக் கேட்டதும் ‘இறைவனுக்கு இப்படி ஒரு பெயரா?’ என்னும் வினா எழுவது இயல்பு. அவ்வினாவிற்குத் தலபுராணம் விடை கூறுகிறது.

கயிலையில் வீற்றிருந்த சிவபெருமான் ஒருநாள் மரகதம்போல் ஒளிவீசும் உடும்பின் வடிவெடுத்துத் தென்திசை நோக்கிப் புறப்பட்டார். அவ்வுடும்பின் அழகில் மயங்கிய பார்வதி அதனைப் பின்தொடர்ந்தார். காடும் மேடும் கடந்து வந்த உடும்பு, பத்ரகிரி எனப்பட்ட இக்குன்றில் ஏறியது. பார்வதி எட்டி அதன் வாலைப் பற்றினார். பற்றிய கணத்தில் அவர் மேனி முழுவதும் பச்சை நிறம் படர்ந்தது. மரகதாம்பிகை என்னும் திருப்பெயர் அதனால் அமைந்தது. அவர் நீராடிய குளமும் பசுமை கொண்டு பச்சைக்குளம் ஆயிற்று. குன்றில் தவம் செய்துகொண்டிருந்த முத்கலர், உச்சாயனர் என்னும் முனிவர் இருவரும் அவ்வுடும்பைக் கண்டு பிடிக்க முயன்றனர். உடும்பு மறைந்தது. கணவரைப் பிரிய நேர்ந்ததற்கு அம்முனிவர்களே காரணம் எனச் சினந்த அம்மை, அவர்கள் செவிடராகவும் ஊமையராகவும் ஆகுமாறு சபித்தார். பின்னர் இறைவன் வெளிப்பட்டு அருள்செய்தார். சொல்வோர்க்கேற்பச் சிற்சில மாற்றங்கள் உண்டெனினும் கதையின் உடல் இதுவே.

இக்கதையை இருவகையில் படிக்கலாம். வழிபடச் செல்வோர்க்கு அது திருவிளையாடல், அவ்வளவில் நிறைவானது. ஊர்ப்பெயரை ஆராய்வோர் வேறொன்றையும் காண்பர். செவிடபாடி என்னும் பெயர் முன்னரே வழக்கில் இருந்தது. அதன் முதற்பொருள் காலப்போக்கில் மறைந்தது. எஞ்சிய ஒலியில் ‘செவிடு’ கேட்டதால், செவிடான முனிவர்களின் கதை அதனுடன் இணைந்தது எனக் கொள்ள இடமுண்டு. இப்படிப் பெயரிலிருந்து கதை பிறத்தல் தமிழகத்தில் அரிதன்று. மரை என்னும் மான் திரிந்த காடு ‘மரைக்காடு’ எனப்பட்டு, ரகர றகர மயக்கத்தால் ‘மறைக்காடு’ ஆகி, மறைகள் வழிபட்ட தலம் எனக் கதை பெற்று, வேதாரண்யம் என மொழிபெயர்ந்தது எனக் கூறும் அறிஞர் உளர். ஊர்ப்பெயர்களைத் தேடிச் சென்று ‘ஊரும் பேரும்’ என்னும் நூலை எழுதிய ரா.பி. சேதுப்பிள்ளையின் நெறி, இத்தகைய ஆய்வுக்குத் தமிழில் வழிகாட்டியாகும்.

பெயரின் பிற்பகுதியான ‘பாடி’ ஐயத்திற்கு இடம் தராதது. அது குடியிருப்பையும் நாட்டுப் பகுதியையும் குறிக்கும். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, அவன் வென்ற நாடுகளுள் கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. இவையனைத்தும் இன்றைய கருநாடகத்திலும் அதனை ஒட்டிய தமிழகப் பகுதியிலும் பரவியிருந்தவை. கன்னடத்தில் இதே சொல் ‘வாடி’ என வழங்கும். கங்கவாடி, நொளம்பவாடி என்பர். செவிடபாடி அந்தப் பாடிகளின் வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஊர்.

அங்ஙனமாயின் தலபுராணம் வெறும் கற்பனை என ஒதுக்கத்தக்கதா? அன்று. ஆண்டும் அரசன் பெயரும் அதில் இல்லை என்பது மெய்; ஆயினும் நிலம் இருக்கிறது. உடும்பு, பாறை இடுக்கிலும் புதர்க்காட்டிலும் வாழும் உயிர். பாறையைப் பற்றிவிட்டால் எளிதில் விடாத அதன் இயல்பே ‘உடும்புப்பிடி’ என்னும் வழக்கைத் தந்தது. முல்லையும் குறிஞ்சியும் கலந்த இவ்வட்டாரத்தில் வாழ்ந்த வேட்டுவரும் ஆயரும் நாள்தோறும் கண்ட விலங்கு அது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமாகறலிலும் இறைவன் பொன்னிற உடும்பாகத் தோன்றினான் என்னும் கதை வழங்குகிறது. அங்குச் சிவலிங்கமே உடும்பின் வால்போல் அமைந்ததாகக் கூறுவர். ஓசூருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டையில் உள்ள பேட்டராயசுவாமி கோயிலின் கதையில் திருமால் வேட்டைக்கு வருகிறார். கன்னடத்தில் ‘பேட்டெ’ எனின் வேட்டை. காடு சூழ்ந்த இவ்வெல்லைப் புறத்தில் வேட்டையும் விலங்கும் தெய்வக் கதைகளுக்குள் நுழைந்தமை வியப்பன்று. இன்று அக்காட்டின் பெரும்பகுதி இல்லை. உடும்பு 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிராகிவிட்டது.

தெரிந்து தெளிவோம்

கல்வெட்டுகளின் இறுதியில், கொடையை அழிப்பவன் அடையும் பாவத்தைக் கூறும் பகுதி இடம்பெறும். கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அவன் அடைவான் என்பது பெரிதும் வழங்கிய தொடர். இதனை ஓம்படைக்கிளவி என்பர். காவலர் இல்லாத இடத்திலும் அறத்தைக் காக்கக் கல்வெட்டு கையாண்ட கருவி இது. தலபுராணத்தில் அம்மை இடும் சாபமும் கல்வெட்டின் சாபமும் ஒரே கால மக்களின் அச்சத்தையும் நம்பிக்கையையும் காட்டுவன.

கல்லில் எழுந்த கோயில்

ஓசூர் வட்டாரம் கங்கர், நுளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார் எனப் பலர் ஆட்சியை அடுத்தடுத்துக் கண்டது. சோழர் காலத்தில் நுளம்பபாடிக்கு ‘நிகரிலிச் சோழமண்டலம்’ என்னும் பெயர் அமைந்தது. 1116இல் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றியபின் கங்கபாடியில் சோழர் பிடி தளர்ந்தது. 1254இல் போசள நாடு இரண்டாகப் பிரிந்தபோது, தமிழ்ப் பகுதிகள் இராமநாதனுக்கு உரியவாயின. அவன் முதலில் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரிலும், பாண்டியர் வலிமை பெருகியபின் கிருட்டிணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலும் இருந்து ஆண்டான். இன்று சின்னகொத்தூர் எனப்படும் சிற்றூர்ப் பகுதியே அந்தக் குந்தாணி. பேரரசு ஒன்றின் தலைநகரம் அங்கிருந்தது என்பதை அங்குள்ள நடுகற்களும் கோயில் எச்சங்களுமே இன்று நினைவூட்டுகின்றன. சந்திரசூடேசுவரர் கோயிலும் அக்காலத்தில், 1260ஆம் ஆண்டையொட்டி, போசளர்க்கு அடங்கிய சிற்றரசன் ஒருவனால் கட்டப்பெற்றது என்பர்.

போசளர் காலக் கோயில் என்றதும் பேலூர், அளேபீடு ஆகிய ஊர்களின் விண்மீன் வடிவத் தளங்களும் நுண்சிற்பங்களும் நினைவுக்கு வரும். அத்தகைய வேலைப்பாட்டை ஓசூரில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். அதற்குக் காரணம் அரசனின் மனம் அன்று, கல். அங்குள்ள சிற்பிகள் கையாண்டது மாக்கல். வெட்டியெடுக்கும்போது மென்மையாய் இருந்து, காற்றுப்பட இறுகும் இயல்புடையது அது. மரத்தைப்போல் குடைந்து செதுக்கலாம். இங்குக் கிடைப்பதோ உளியை எதிர்க்கும் கருங்கல். இன்றும் கிருட்டிணகிரிக் கருங்கல் மெருகேற்றப்பட்டு வெளிநாடுகளுக்குச் செல்கிறது. கருங்கல்லில் சிற்பி தேடியது நுணுக்கத்தை அன்று, அளவின் அமைதியை. ஆகவே போசளர் ஆட்சியிலும் இப்பகுதிக் கோயில்கள் தமிழ்நாட்டுத் திராவிடக் கட்டட மரபையே பின்பற்றின.

அம்மரபில் கருவறையின் மேல் எழும் விமானத்தைச் சிற்பநூலார் ஆறு உறுப்புகளாகப் பகுப்பர்: அதிட்டானம், சுவர், கூரை, கழுத்து, சிகரம், தூபி. பெரும்பாலோர் அண்ணாந்து சிகரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். வரலாறு கற்போர் குனிந்து பார்த்தல் வேண்டும். ஏனெனில் கல்வெட்டுகளுள் பல அதிட்டானத்தில்தான் உள்ளன. தரையை ஒட்டிய உபானத்தின் மேல் அகன்ற பட்டையாய் அமைவது சகதி. அதன்மேல் உருண்டோ பட்டைகளாகவோ அமைவது குமுதம். முப்பட்டைக் குமுதத்தின் மூன்று முகங்களிலும் எழுத்து வரிகள் தடையின்றி ஓடும். அதற்கு மேல் கண்டமும் பட்டிகையும் வரும். கோயிலைச் சுற்றி வலம் வருபவனின் கண்ணும் கையும் படும் உயரத்தில் ஆவணத்தை வைத்தனர் நம் முன்னோர். நிலம் யாருடையது, விளக்குக்கு எத்தனை ஆடு விடப்பட்டது, ஏரியின் நீர் எவ்வயலுக்குப் பாயும் என்பனவற்றை ஊரார் அனைவரும் அறியும்படி பொதுவில் நிறுத்திய பதிவேடு அது.

அப்பதிவேட்டைப் படியெடுக்கும் முறை எளியது. ஆயினும் பொறுமையைக் கேட்பது. சுவரைத் தூரிகையால் நீர்விட்டுத் தூய்மை செய்வர். நனைத்த தாளை எழுத்தின்மேல் விரித்து, தூரிகையால் மெல்ல அடிப்பர். எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் படிந்ததும் மையொற்றியால் மேற்பரப்பில் மை தடவுவர். கருமைக்கு நடுவே எழுத்துகள் வெண்மையாய்த் துலங்கும். இதுவே மைப்படி. இவ்வாறு படியெடுத்துப் பதிப்பித்ததால்தான் ‘செவிடபாடி’ என்னும் பெயர் நமக்குக் கிடைத்தது. திருப்பணியின்போது சுவரின் மீது மணல் வீசித் தூய்மை செய்தல், சுண்ணமோ வண்ணமோ பூசுதல், பழைய கற்களை இடம் மாற்றி அடுக்குதல் ஆகியவற்றால் பல கோயில்களில் எழுத்துகள் அழிந்தன. மணல் வீச்சு முறை இப்போது தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் ஏற்கெனவே தேய்ந்த எழுத்துக்கு அத்தடை உயிர்கொடுக்காது. தலபுராணம் மறந்துபோனால் வேறொருவர் நாவில் மீண்டும் பிறக்கக்கூடும். கல்வெட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எல்லைக்கு அப்பால்

இன்றைய மாநில எல்லை இக்கல்வெட்டுகள் அறியாதது. இராமநாதனின் தமிழ்க் கல்வெட்டுகள் கோலார், பெங்களூரு வட்டாரங்களிலும் உள்ளன. பெங்களூரு நகரின் நடுவே, கணினி நிறுவனங்கள் சூழ்ந்த தோமலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டு அவ்வூரைத் ‘தோம்பலூரான தேசிமாணிக்கப் பட்டணம்’ எனக் குறிக்கிறது. ஓசூரிலிருந்து அன்றாடம் அவ்வழியே வேலைக்குச் சென்று திரும்புவோர் பலர். தம் ஊரின் பழம்பெயரைத் தாங்கிய கல்லும், தாம் வேலைசெய்யும் ஊரின் பழம்பெயரைத் தாங்கிய கல்லும் ஒரே நூற்றாண்டின் தமிழ் எழுத்தில் இருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

ஆண்டுதோறும் மார்ச்சு மாத முழுநிலவையொட்டி நடைபெறும் தேர்த்திருவிழாவில் இவ்வெல்லை மறைந்துவிடுகிறது. கருநாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மக்கள் வந்து கூடுகின்றனர். தேர்வடத்தைப் பிடிப்போரின் குரல் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுகிறது. தேர் ஓடும் பகுதிக்குத் தேர்ப்பேட்டை என்று பெயர். தேர் நிலைக்கு வந்தபின், அங்குள்ள பச்சைக்குளத்தில் சந்திரசூடேசுவரரும் மரகதாம்பிகையும் தெப்பத்தில் வலம் வருகின்றனர்.