களவா மீனின் வாழ்க்கையும் இனவிருத்தியும்

பவளப் பாறைகளை அடுத்து வசிக்கும் உணவு மீன்களில் களவா மிக்க மதிப்புடையது. இதன் சதை வெண்மையும் உறுதியும் உடையதாதலால் சந்தையில் நல்ல விலை பெறும். களவாவில் பல ஜாதிகள் உள. அவற்றுள் ஆரஞ்சுப் புள்ளிக் களவாவின் இயல்புகளை ஈண்டுக் கூறுவோம்.

அடையாளம்: உடல் மங்கிய கபில நிறமுடையது. தலையிலும் உடலிலும் ஆரஞ்சு அல்லது செங்கபில நிறச் சிறு புள்ளிகள் நிறைந்திருக்கும். பக்கங்களில் சாய்வான ஐந்து கரும்பட்டைகள் தோன்றும். வாய் அகன்றது, வாலின் ஓரம் வட்டமானது. 1 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது.

வசிக்குமிடம்: செங்கடல், ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை ஆகியவை முதல் பசிபிக் சமுத்திரத்துப் பீஜித் தீவுகள் வரையில் இது பரவியுள்ளது. கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன் 1822-ல் இதனை வர்ணித்தார். நமது பக்கத்தில், ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சூழ்ந்த பாறைகள் களவா இனங்களுக்கு ஏற்ற உறைவிடமாகும். இளமீன்கள் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளை அடுத்த உப்பங்கழிகளிலும் வளரும்.

ஆகாரம்: இது இரையைத் துரத்தித் திரிவதில்லை. கல்லிடுக்கில் பதுங்கியிருந்து, அருகில் வரும் மீன், இறால், நண்டு முதலியவற்றை நீருடன் உறிஞ்சி விழுங்கும்.

இனவிருத்தி: இம்மீனின் வாழ்க்கையில் விசேஷமானது இதுவே. இது முதலில் பெண்ணாகவே பருவமடைகிறது. 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில் முட்டையிடத் தகுதி பெறும். பின்னர் 55 முதல் 75 சென்டிமீட்டர் வரை வளர்ந்த நிலையில் ஆணாக மாறும். எனவே ஆண் மீன்கள் பெரும்பாலும் பெரிய மீன்களே.

இதனால் விளையும் அபாயத்தை மீன் பிடிப்போர் உணர்தல் வேண்டும். பெரியவற்றையே தேடிப் பிடித்தால் ஆண்கள் அருகி, முட்டைகள் கருவுறாமல் வீணாகும். சிறியவற்றையும் விடாது பிடித்தால் முட்டையிடுவனவும், பின்னர் ஆணாகத் தக்கனவும் ஒருங்கே அழியும். விதை நெல்லையும் குத்தி உண்பதற்கு இது ஒப்பாகும்.

ஆதலின், கூட்டில் உயிருடன் அகப்படும் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீன்களை உடனே கடலில் விட்டுவிடுக. சிறு மீன்கள் தப்பிச் செல்லும்படி கூட்டின் கண்களை அகலமாகப் பின்னுக. மிதவைக் கூண்டுகளில் களவா வளர்ப்போர், கடற்குஞ்சுகளைத் திரட்டுவதை விடுத்துப் பொரிப்பகக் குஞ்சுகளையே வாங்குக. விசாகப்பட்டினத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வினத்தின் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டுள்ளனர். பாறையிற் பெரிய மீன் சில எஞ்சியிருந்தாலன்றி, அப்பாறையில் அடுத்த தலைமுறைக் களவா இல்லை.