"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

ஆரம்ப சுகாதார நிலையமோ, தெருமுனை கிளினிக்கோ, டாக்டர் இப்படிக் கேட்டதும் நம்மில் பலர் சட்டென்று சொல்லும் பதில், "இல்லீங்க." ஆனால் வீட்டில் ஃபிரிட்ஜ் மேலே இருக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள். சுகர் மாத்திரை, முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கியது, கண் சொட்டு மருந்து, நாட்டு மருந்துக் கடைச் சூரணம் என்று நாலைந்தாவது இருக்கும். "அதெல்லாமா மருந்துக் கணக்கு?" என்கிறீர்களா? எல்லாமே கணக்குதான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்த வீட்டு அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. ஒழுங்காகவும் சாப்பிடுகிறார். கூடவே முட்டி வலிக்காக தினமும் டைக்ளோஃபெனாக் ஒன்று. இந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். அதனால் பிரஷர் ஏறும். விஷயம் தெரியாத டாக்டர் என்ன செய்வார்? பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, அதோடு வலி மாத்திரை என மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வலிக்கு வேறு வழி பார்த்திருப்பார்.

கண் சொட்டு மருந்தை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். சளி, காய்ச்சலுக்கு விற்கும் பல மாத்திரைகளுக்குள் பாராசிட்டமால் இருக்கிறது. தெரியாமல் தனியாக இன்னொரு பாராசிட்டமாலும் போட்டால் அளவு தாண்டி கல்லீரலுக்கு ஆபத்து. 'இயற்கைதானே' என்று சாப்பிடும் அதிமதுரம்கூட தொடர்ந்து எடுத்தால் பிரஷரை ஏற்றும். சிறுகுறிஞ்சான், சுகர் மாத்திரையோடு சேரும்போது சர்க்கரையை ரொம்பவே இறக்கிவிடலாம். சித்தா டாக்டரிடம் போனால், ஆங்கில மருந்து சாப்பிடுவதை அவரிடமும் சொல்லுங்கள்.

சொல்லக் கூச்சப்படும் மருந்துகளும் உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும், ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனாஃபிலும் சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வெட்கமாக இருந்தால் பெயரை ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், போதும். "திட்டுவாரோ" என்ற பயத்தில் மறைப்பவர்களும் நிறைய பேர். திட்டினால் திட்டட்டுமே!

சரி, பெயர் எப்படி ஞாபகம் வைப்பது? "வெள்ளையா, ரவுண்டா, சின்னதா இருக்கும்" என்றால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் போன் இதற்குக் கைகொடுக்கும். ஒவ்வொரு அட்டையையும் மருந்துப் பெயர், மில்லிகிராம் அளவு, காலாவதித் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, கேலரியில் 'மருந்து' என்று தனி ஆல்பமாக வையுங்கள். மெடிக்கலில் அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுத்தால் பெயர் பாதியில் போய்விடும். அப்போது பில் கேட்டு வாங்கி அதையும் படம் எடுங்கள். கம்பெனி வைத்த பெயரைவிட, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் முக்கியம். அரசு மருத்துவமனையில் தந்த அம்லோடிபினும், வெளியில் வேறு பெயரில் வாங்கியதும் ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் சாப்பிட்டால் டபுள் டோஸ்!

போன் செட்டிங்ஸில் அவசரகால மருத்துவத் தகவல் என்ற பகுதி இருக்கும். அதில் மருந்துகளையும் ஒவ்வாமையையும் நிரப்பி, லாக் ஸ்கிரீனில் தெரியும்படி வைத்தால், நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் 108 ஊழியர் பாஸ்வேர்டு இல்லாமலே பார்க்க முடியும். 14 இலக்க ஆபா எண் எடுத்தவர்கள், தங்கள் மருந்துச் சீட்டுகளை அதோடு இணைத்து, சம்மதம் தந்து டாக்டருக்குக் காட்டலாம்.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் பிடுங்கப் போகிறோமே என்று, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானே நிறுத்தினால் ரத்தம் உறைந்து அடைப்பு வரலாம். முதலில் பல் டாக்டரிடம் சொல்லுங்கள்; நிறுத்துவதா வேண்டாமா என்று டாக்டர்கள் பேசி முடிவெடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம். மருந்து சாப்பிட்டு அரிப்பு, தடிப்பு, வீக்கம் போல ஏதாவது வந்தால் டாக்டரிடம் காட்டுவதோடு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் நீங்களே தெரிவிக்கலாம். மூச்சுத் திணறினால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் உடனே 108.