கோலாப்பூர்ச் செருப்பு யாருடையது?

தாராவியில் துணி தைப்பவர்கள் இருக்கிறார்கள். தோல் பை தைப்பவர்கள் இருக்கிறார்கள். பெல்ட், பர்ஸ், செருப்பு செய்பவர்களும் இருக்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர். இவர்கள் எல்லோரும் தினமும் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "இதே மாதிரி வேணும்" என்பதுதான் அது. வாடிக்கையாளர் ஒரு படத்தைக் காட்டுவார். நாம் அதைப் பார்த்துத் தைத்துக் கொடுப்போம்.

இப்படிப் பார்த்துச் செய்வது சரியா? எந்த அளவுக்குச் சரி? நம் கைவேலையைப் பார்த்து வேறு ஒருவர் செய்தால் என்ன செய்வது? வாருங்கள், இந்தப் பாடத்தில் இதைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

1. போன பேஷன் திரும்பி வரும்

1970களில் பெல்பாட்டம் வந்தது. கால்சட்டையின் கீழ்ப்பகுதி மணி போல விரிந்து தரையைக் கூட்டும். பிறகு அது போய்விட்டது. அதைப் போட்டவர்களைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். 1990களில் அது மறுபடியும் வந்தது. 2020களில் இன்னொரு முறை வந்தது. ஜாக்கெட்டின் பஃப் கையும் இப்படித்தான். பாட்டி போட்டதைப் பார்த்து அம்மா கேலி செய்தாள். இன்று பேத்தி அதையே கேட்டு வாங்குகிறாள்.

ஏன் இப்படி? மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம்: மனித உடம்பு மாறவில்லை. இரண்டு கை, இரண்டு கால், ஒரு கழுத்து. அதற்கு எத்தனை விதமாகத்தான் வெட்ட முடியும்?

இரண்டாவது காரணம்: பழையது, அதைப் பார்க்காதவர்களுக்குப் புதியது. இருபது வருடம் கழித்து வரும் இளைஞருக்கு அது புதுமைதான்.

மூன்றாவது காரணம்: வியாபாரம். போன வருடம் வாங்கிய சட்டை இன்னும் கிழியவில்லை. ஆனாலும் புதிது விற்க வேண்டும். அதனால் வியாபாரிகள் பழைய பெட்டியைத் திறந்து, அதிலிருந்து ஒன்றை எடுத்துப் புதுப் பெயர் வைக்கிறார்கள்.

ஆகவே உடையில் முழுக்க முழுக்கப் புதியது என்பது அபூர்வம். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது குற்றம் அல்ல. தொழில் அப்படித்தான் வளர்ந்தது.

2. லுங்கித் துணி அமெரிக்கா போன கதை

நம் ஊரில் கட்டம் போட்ட லுங்கித் துணி தெரியாதவர் இல்லை. சென்னைப் பகுதியிலிருந்து பல நூறு ஆண்டுகளாக இந்தக் கட்டத் துணி கப்பலேறிப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் விற்றது. வெளிநாட்டில் அதற்கு "மெட்ராஸ்" என்றே பெயர்.

1958இல் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் என்ற வியாபாரி இந்தத் துணியை அமெரிக்காவுக்கு விற்றார். பிற்காலத்தில் மும்பையில் லீலா ஹோட்டலைக் கட்டியவர் இவர்தான். அந்தத் துணியில் சட்டை தைத்து அமெரிக்கக் கடைகளில் விற்றார்கள். ஆனால் அது இயற்கைச் சாயம் ஏற்றிய துணி. குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும். இந்த விஷயம் வாங்கியவர்களுக்குச் சொல்லப்படவில்லை. துவைத்ததும் சாயம் கலைந்தது. புகார் வந்தது.

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? சாயம் கலைவதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். சாயம் கலைந்தால்தான் அசல் மெட்ராஸ் துணி என்றார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஊருக்குப் பெயர் கிடைத்தது. வியாபாரிக்குப் பெயர் கிடைத்தது. நெய்தவர் பெயர் எங்கும் இல்லை. தறியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் துணி அங்கே என்ன விலைக்குப் போனது என்பதும் தெரியாது.

3. மிலான் மேடையில் நம்ம ஊர்ச் செருப்பு

இப்போது நம் காலத்துக் கதைக்கு வருவோம்.

இத்தாலி நாட்டில் மிலான் என்ற நகரம் இருக்கிறது. உலகத்தின் பெரிய உடை நிறுவனங்கள் அங்கே காட்சி நடத்தும். 2025 ஜூன் 22 அன்று பிராடா என்ற நிறுவனம் ஆண்களுக்கான உடைகளைக் காட்டியது. மேடையில் நடந்தவர்களில் பலர் தோல் செருப்பு போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நம் நாட்டில் பலருக்கும் வியப்பு. காரணம், அது அப்படியே கோலாப்பூரிச் செருப்பு. கட்டைவிரல் வளையமும் அதே, பின்னல் வாரும் அதே.

ஆனால் பிராடா அதற்கு வைத்த பெயர் "தோல் செருப்பு" என்பது மட்டுமே. கோலாப்பூர் என்ற சொல் இல்லை. இந்தியா என்ற சொல்லும் இல்லை.

கோலாப்பூரில் எதிர்ப்பு எழுந்தது. மகாராஷ்டிர வணிகர் சங்கம் பிராடாவுக்குக் கடிதம் எழுதியது. பிராடா பதில் எழுதியது. இந்தச் செருப்பு இந்தியக் கைவினைச் செருப்பைப் பார்த்து உருவானதுதான் என்று அது ஒப்புக்கொண்டது. ஜூலை மாதம் அதன் ஆட்கள் கோலாப்பூருக்கு நேரில் வந்து தொழிலாளர்களைப் பார்த்தார்கள்.

4. ஒரு ஜோடியில் எத்தனை கைகள்!

கோலாப்பூரிச் செருப்பு சுலபமான வேலை அல்ல. தோலைக் கருவேலம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட வேண்டும். அடித்தோலை வெட்டி, தட்டி, அடுக்க வேண்டும். ஆணி கிடையாது. தோல் வாரைக் கொண்டே கையால் தைக்க வேண்டும். மேலே வரும் மெல்லிய பின்னலைப் பெரும்பாலும் பெண்கள் பின்னுகிறார்கள்.

கோலாப்பூரை ஆண்ட சாகு மகாராஜா இந்தத் தொழிலுக்கு ஊக்கம் கொடுத்தார். ஆனால் தொழிலாளருக்கு ஊரில் மரியாதை கிடைக்கவில்லை. தோலைத் தொட்டவர்களைத் தள்ளி வைத்த நாடு இது. அவர்கள் செய்த செருப்பைக் காலில் போட்டுக்கொண்டார்கள். அவர்களை வீட்டுத் திண்ணையில் உட்கார விடவில்லை.

தாராவிக்கும் இந்தக் கதை புதிது அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் இங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நம் ஆட்கள் பலர் அதில் உழைத்தார்கள். நாற்றம் பிடித்த இடம் என்று ஊர் மூக்கைப் பொத்தியது. இன்று பதனிடும் தொழில் பெரும்பாலும் இங்கிருந்து போய்விட்டது. தைக்கும் தொழில் இருக்கிறது.

ஆகவே பெயரை மறைப்பது சின்ன விஷயம் அல்ல. மதிப்பு கிடைக்காத கைகளுக்கு, மதிப்பு வரும் நேரத்தில் பெயர் இல்லாமல் போகிறது. கோபத்துக்குக் காரணம் இதுதான்.

5. ஊர்ப் பெயருக்கு ஒரு சட்டம்

நம் நாட்டில் 1999இல் ஒரு சட்டம் போட்டார்கள். அது 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கொடுப்பதுதான் புவிசார் குறியீடு. ஒரு ஊரின் மண், தண்ணீர், கைத்திறமை இவற்றால் சிறப்புப் பெற்ற பொருளுக்கு இதைக் கொடுப்பார்கள். முதலில் பெற்றது டார்ஜிலிங் தேயிலை. காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம் எல்லாம் பெற்றிருக்கின்றன. இதற்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

கோலாப்பூரிச் செருப்புக்கு 2019இல் இது கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சாங்கிலி, சத்தாரா, சோலாப்பூர் ஆகிய 4 மாவட்டங்கள். கர்நாடகத்தில் பெலகாவி, தார்வாட், பாகல்கோட், விஜயபுரா ஆகிய 4 மாவட்டங்கள். இந்த 8 மாவட்டங்களில் முறைப்படி செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். பொய்யாகப் போட்டால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அப்படியானால் பிராடா மீது வழக்குப் போட முடியாதா? இங்கேதான் சிக்கல். இந்தச் சட்டம் பெயரைக் காக்கிறது. வடிவத்தைக் காப்பதில்லை. பிராடா கோலாப்பூர் என்ற பெயரைப் போடவே இல்லை. மேலும், இந்தியச் சட்டம் இத்தாலியில் செல்லாது.

மும்பை உயர் நீதிமன்றத்தில் சிலர் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. குறியீட்டைப் பதிவு செய்து வைத்திருப்பவர் யாரோ, அவர்தான் வந்து கேட்க வேண்டும் என்றது. உரிமை இருந்தால் போதாது. உரிமை உள்ளவர் கேட்க வேண்டும்.

அந்தக் குறியீடு இரண்டு அரசு நிறுவனங்களின் பெயரில் இருக்கிறது. ஒன்று மகாராஷ்டிரத்தின் சந்த் ரோகிதாஸ் தோல் தொழில் வளர்ச்சிக் கழகம். மற்றொன்று கர்நாடகத்தின் பாபு ஜகஜீவன் ராம் தோல் தொழில் வளர்ச்சிக் கழகம். இவை இரண்டும் பிராடாவுடன் 2025 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தன. அதன்படி 2,000 ஜோடி செருப்பு இந்த இரண்டு மாநிலங்களிலும் செய்யப்படும் என்று அப்போது அறிவித்தார்கள். ஒரு ஜோடியின் விலை சுமார் 800 யூரோ என்றார்கள். நம் பணத்தில் 80,000 ரூபாய்க்கு மேல். கைவினைஞர்களுக்குப் பயிற்சி தருவதாகவும் சொல்லப்பட்டது.

உள்ளூர்ச் சந்தையில் ஒரு ஜோடி சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும். கடிதமும் எதிர்ப்பும் இல்லை என்றால் இந்த ஒப்பந்தம் வந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

6. அதே சட்டம் நமக்கும் உண்டு

தோல் வேலை செய்யும் ஒரு அண்ணாச்சிக்கும் அறிவொளித் தொண்டருக்கும் நடக்கும் பேச்சைப் படியுங்கள்.

அண்ணாச்சி: தம்பி, பெரிய கம்பெனிப் பை மாதிரி நான் தைத்தால் தப்பா?

தொண்டர்: இரண்டு பிடி, ஒரு ஜிப், உள்ளே ஒரு பை. இது யாருக்கும் சொந்தமில்லை, அண்ணாச்சி. தாராளமாகத் தைக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனியின் பெயரையோ முத்திரையையோ குத்தினால் குற்றம். அதற்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

அண்ணாச்சி: முத்திரை இல்லாமல் அச்சு அசலாகச் செய்தால்?

தொண்டர்: அந்த வடிவத்தை அவர்கள் இங்கே பதிவு செய்திருந்தால் அதுவும் தப்பு. வடிவப் பதிவு 10 ஆண்டு செல்லும். இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு அது எல்லோருக்கும் பொது.

அண்ணாச்சி: சரி, நான் செய்கிற செருப்புக்குக் கோலாப்பூரி என்று பெயர் போடலாமா? தாராவியும் மகாராஷ்டிரம்தானே?

தொண்டர்: கூடாது, அண்ணாச்சி. 8 மாவட்டத்தில் மும்பை இல்லை. பிராடா பெயரை மறைத்தது தப்பு என்றால், நாம் அந்தப் பெயரை எடுப்பதும் தப்புதானே?

அண்ணாச்சி: அப்போ நான் என்ன பெயர் போடுவேன்?

தொண்டர்: உங்கள் பெயரைப் போடுங்கள். தாராவி என்று போடுங்கள். உங்கள் முத்திரையைப் பதிவு செய்யலாம். புதிய வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதையும் பதிவு செய்யலாம். ஆனால் கடையில் தொங்கவிடுவதற்கு முன்பே விண்ணப்பம் போட வேண்டும். ஊர் பார்த்துவிட்டால் அது புதியது ஆகாது. இதற்கான அலுவலகம் பக்கத்தில் ஆன்டாப்ஹில்லில் இருக்கிறது. போய்க் கேட்கலாம்.

7. வாங்கும்போது கவனியுங்கள்

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மாட்டுங்கா போகிறீர்கள். "காஞ்சிபுரம்" என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது. மூன்று குறிகளைத் தேடுங்கள்.

சில்க் மார்க்: இது சுத்தமான பட்டு என்று சொல்லும். எந்த ஊர் என்று சொல்லாது.

கைத்தறி முத்திரை: இது கையால் நெய்தது என்று சொல்லும்.

புவிசார் குறியீடு: இது அந்த ஊரில் செய்தது என்று சொல்லும்.

விசைத்தறிச் சேலை வாங்குவது தவறு இல்லை. அதைக் கைத்தறி விலைக்கு வாங்கினால் ஏமாறுவது நாம். வேலை இழப்பது நெசவாளர்.

நினைவில் கொள்வோம்

வடிவம் ஊர் ஊராகப் போகும். இருபது வருடம் கழித்துத் திரும்பியும் வரும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் வடிவம் போகும் இடத்துக்கெல்லாம் செய்தவர் பெயரும் போக வேண்டும். கூலியும் திரும்பி வர வேண்டும்.

சொற்களும் பொருளும்

புவிசார் குறியீடு – பொருளின் பெயரை அதன் ஊரோடு சேர்த்துக் காக்கும் பதிவு
ஒப்பந்தம் – இரு தரப்பும் எழுதிச் செய்துகொள்ளும் ஏற்பாடு
அபராதம் – குற்றத்துக்குக் கட்டும் பணம்

விடை எழுதுங்கள்

1. பிராடா தன் செருப்புக்கு முதலில் என்ன பெயர் வைத்தது?
2. கோலாப்பூரி என்ற பெயரைப் போட உரிமையுள்ள மாவட்டங்கள் எத்தனை?
3. சில்க் மார்க்குக்கும் புவிசார் குறியீட்டுக்கும் என்ன வேறுபாடு?

கணக்குப் போடுங்கள்

ஒரு ஜோடி 80,000 ரூபாய் என்றால் 2,000 ஜோடிக்கு எவ்வளவு? (விடை: 16 கோடி ரூபாய்.) இதில் பின்னல் பின்னிய பெண்ணுக்கு எவ்வளவு போக வேண்டும்? வகுப்பில் கலந்து பேசுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் யாருக்கு என்ன கைவேலை தெரியும்? பாய், கூடை, தையல், பூ வேலை எதுவானாலும் சரி. அதைக் கற்றுக் கொடுத்தவர் பெயர், அவர் ஊர், இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.