அடுப்புக்கும் வயலுக்கும் ஒரே சாணம்

தங்கச்சி, சாண எரிவாயுக் கலன் கட்டப் போறதாச் சொன்னே. "சாணத்தை அடுப்புக்குக் கொடுத்துட்டா வயலுக்கு உரம் ஏது?"ன்னு உங்க அத்தை கேட்டாங்களாமே. கலன்ல இருந்து எரியப் போறது மீத்தேன் வாயுதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் கரைசலோட வெளியே வந்துடும். வரட்டி தட்டி எரிச்சாத்தான் தழைச்சத்து புகையாப் போகுது. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், கேட்டுக்கோ.

1. முதல்ல எடை போடு: ஒரு கிலோ பச்சைச் சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ வேணும். ஒரு மாடு ஏறக்குறைய 10 கிலோ போடும். மேயப் போற மாடுன்னா பாதி மேய்ச்சல்லேயே விழுந்துடும். ஒரு வாரம் கொட்டகையில அள்ளுறதை எடை போட்டுட்டு அளவை முடிவு பண்ணு. பெரிசாக் கட்டிப் பட்டினி போடாதே.

2. இடம்: நல்லா வெயில் படணும். மரத்தடி வேண்டாம், வேர் சுவரைப் பிளந்துடும். குடிதண்ணிக் கிணத்துக்கு 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

3. கரைக்கிறப்போ: சாணமும் தண்ணியும் சரிபாதி. வைக்கோலைப் பொறுக்கிடு; இல்லேன்னா மேலே ஆடை கட்டும். மார்கழிக் குளிர்ல வாயு குறையும். வெயில்ல வெச்ச தண்ணியில கரை.

4. பினாயில் ஆகாது: கொட்டகை கழுவின பினாயில் தண்ணியை ஒரு தடவை உள்ளே விட்டுட்டேன். நுண்ணுயிர் செத்து, மூணு வாரம் விறகடுப்புதான்! ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டுச் சாணத்தையும் தனியாப் போடு.

5. பத்திரம்: முதல்ல வர்ற வாயுவுல காத்து கலந்திருக்கும். பத்த வைக்காம வெளியே விட்டுடு. சுடர் துடிச்சா குழாய்ல தண்ணி தேங்கியிருக்கும், வடிச்சு விடு. கசிவு பார்க்கச் சோப்பு நுரைதான். தீக்குச்சி கூடவே கூடாது.

6. கரைசல்: வெயில்ல காயவிட்டா தழைச்சத்து ஆவியாப் போயிடும். பாசனத் தண்ணியோட கலந்து தீவனப்புல்லுக்கும் வாழைக்கும் விடு. கொஞ்சம் அசோலாத் தொட்டிக்கு. அந்த அசோலாவை நல்லா அலசி, தவிட்டோட கலந்து மாட்டுக்கு வை.

அத்தைகிட்ட வாதாடிட்டு நிக்காதே. புல்லுல ஒரு பாத்திக்குக் கரைசல் விடு, பக்கத்துப் பாத்திக்கு விடாதே. அறுப்பன்னிக்கு ரெண்டு கட்டையும் அவங்களையே தூக்கிப் பார்க்கச் சொல்லு.