ரீபூட்டுக்கு முன் ஒரு கேபிள்

பிங்குக்குப் பதில் வருகிறது, எஸ்எஸ்எச் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. அந்த நேரத்தில் "ஒரு ரீபூட் தட்டிரலாமா?" என்று கேட்க யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். தட்டினால் எழுந்துவிடும்தான். ஆனால் எதனால் படுத்தது என்பதற்கான தடயம் மெமரியோடு போய்விடும். சில நாளில் அதே சர்வர் மறுபடி படுக்கும். அதனால் பவர் பட்டனைத் தொடுவதற்கு முன் சீரியல் கன்சோலைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

சீரியல் இணைப்புக்கான ஆர்எஸ்-232 என்ற தரம் 1960இல் வந்தது. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, கிரவுண்ட் ஒன்று, அவ்வளவு போதும். நெட்வொர்க் செத்தாலும், டிஸ்க் செத்தாலும், கர்னல் தன் கடைசிப் புலம்பலை இதில் கொட்டிவிடும்.

கேபிள் வாங்க நான் போவது சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர். லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம்தான். கம்ப்யூட்டர் வாங்க ஆட்கள் போகும் சிம் லிம் ஸ்குவேர் வேறு. ஒயர், பின், ரிலே எல்லாம் இந்த டவரில். கடைக்கார அங்கிள் முதலில் கேட்பது, "மேலா, ஃபீமேலா? ஸ்ட்ரெய்ட்டா, கிராஸா?" சர்வரின் பின்பக்க ஒன்பது பின் போர்ட்டும் மேல், லேப்டாப்பில் செருகும் யூஎஸ்பி அடாப்டரும் மேல். ஆகவே இரு முனையும் ஃபீமேலாக உள்ள கிராஸ் கேபிள், அதாவது நல்-மோடம் கேபிள் வேண்டும். ஸ்ட்ரெய்ட் கேபிள் மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் பேசும், கேட்க ஆள் இருக்காது. நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு மாட்டும் நீலநிறத் தட்டைக் கேபிள் இதற்கு உதவாது, அதன் முனையே வேறு.

மாட்டியதும் லேப்டாப்பில் மினிகாம் போன்ற டெர்மினல் புரோகிராமைத் திறந்து எண்டர் தட்டிப் பாருங்கள். குப்பை எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை. 9600, 115200 இரண்டையும் மாற்றிப் பாருங்கள். எழுத்து வருகிறது, ஆனால் நீங்கள் தட்டுவது மட்டும் போய்ச் சேரவில்லையா? மினிகாமில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆனில் இருக்கும், அணையுங்கள்.

லாகின் கேட்கிறது, உள்ளேயும் விடுகிறது என்றால் சர்வர் நலம், நோய் நெட்வொர்க்கிலோ எஸ்எஸ்எச்சிலோ. பெயர் கேட்டுவிட்டு அப்படியே உறைந்தால் டிஸ்க் அல்லது மெமரி. லாகினே வராவிட்டால் பிரேக் சிக்னல் அனுப்பி, ஐந்து விநாடிக்குள் 'டபிள்யூ' எழுத்தைத் தட்டுங்கள். எதிலோ மாட்டிக்கொண்டு நிற்கும் ப்ராசஸ்களை மட்டும் கர்னல் வரிசையாகக் காட்டும். இதுதான் சிஸ்ரிக்யூ. உபுண்டுவில் இதன் அமைப்பு 176 என்று வரும். அது ரீபூட்டை அனுமதிக்கும், 'டபிள்யூ'வை அனுமதிக்காது. விவரம் தெரிந்துதான் இப்படி வைத்தார்களா என்று எனக்குக் கோபமே வரும். 1 என்று மாற்றி வையுங்கள்.

ஒரு வாடிக்கையாளரின் சர்வர் இப்படித்தான் நின்றது. 'டபிள்யூ' தட்டியதும் திரை ஓட ஆரம்பித்தது. கிரான், பேக்கப் ஸ்கிரிப்ட், லாகின் ஷெல் என்று பெயர்கள் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் கீழே இருந்த அழைப்பு வரிசை மட்டும் ஒரே மாதிரி, எல்லாம் என்எஃப்எஸ்ஸில் போய் முடிந்தது. நடுநடுவே "120 விநாடிக்கு மேல் முடங்கியிருக்கிறது" என்ற எச்சரிக்கை. பிங்குக்குப் பதில் சொல்வது கர்னல், அதற்கு டிஸ்க் தேவையில்லை. லாகினுக்கு ஹோம் டைரக்டரி தேவை, அது இருந்ததோ என்எஃப்எஸ் வழியே இணைத்திருந்த மறுபக்கத்து ஸ்டோரேஜில். ஸ்டோரேஜைச் சரிசெய்ததும் ரீபூட் இல்லாமலே சர்வர் எழுந்தது.

"சின்ன ஊர்தானே, நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிங்கப்பூரில் பலர் நினைக்கிறார்கள். தாய் செங்கோ லோயாங்கோ, டேட்டா சென்டரில் முன் அனுமதி, அடையாள அட்டை, கூட வரும் ஆள் எல்லாம் சேர்ந்து நேரத்தைத் தின்றுவிடும். 2014 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, ஒரு வங்கியின் முக்கிய சிஸ்டம் எதிர்பாராமல் நின்றுபோகும் நேரம் எந்த 12 மாதத்திலும் மொத்தம் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதில் பாதியை வாசலிலேயே செலவழிக்க முடியுமா? எனவே சர்வரின் மேனேஜ்மென்ட் போர்ட் வழியே சீரியலைத் தூரத்திலிருந்தே திறக்க ஏற்பாடு வேண்டும், அதுவும் தனி நெட்வொர்க்கில். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியபோது, மாற்று வழியாக வைத்திருந்த நெட்வொர்க்கும் கைகொடுக்கவில்லை. இன்ஜினியர்கள் டேட்டா சென்டருக்கே போக வேண்டியிருந்தது.

முடித்ததும் லாக் அவுட் செய்யுங்கள். கேபிளைப் பிடுங்கினால் செஷன் பெரும்பாலும் முடியாது. அடுத்து மாட்டுகிறவர் உங்கள் ரூட் ஷெல்லில் வந்து உட்காருவார்.

இதெல்லாம் சர்வர் நன்றாக ஓடும்போதே செய்து வைக்க வேண்டியவை. கர்னல் அமைப்பில் முதலில் திரை, கடைசியில் சீரியல் என இரண்டு கன்சோலும் கொடுங்கள். கடைசியாக வருவதுதான் முதன்மை. பூட் லோடரான கிரப்பின் மெனுவும் சீரியலில் வர வேண்டும். அடுத்த மெயின்டனன்ஸ் நாளில் ஒருமுறை சீரியலில் மட்டும் உட்கார்ந்து, கிரப் மெனுவிலிருந்து லாகின் வரை எல்லாம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.