இழுவிசையும் பாகியலும்: கடைச் சரக்கில் ஒரு பௌதிகப் பாடம்

இந்தியாவில் மருத்துவம் பயில விரும்பும் நம் பிள்ளைகள் நீட் நுழைவுத் தேர்வில் தேறியாக வேண்டும். 2022ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலும் அத்தேர்வுக்கு நிலையம் அமைந்தது. சரியான விடைக்கு 4 மதிப்பெண். பிழையான விடைக்கு, சேர்த்ததிலிருந்து 1 கழியும். அரைகுறை மனனம் முதலுக்கே நட்டம் என்பதை வணிகர்களாகிய நாம் அறிவோம்.

திரவங்களைப் பற்றிய பாடத்தில் பிள்ளைகள் குழம்புவதுண்டு. அதை விளக்க, கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள ஒரு மளிகைக் கடையே போதும்.

திரவத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அண்டை மூலக்கூறுகள் இழுக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே துணையில்லை. அது உள்நோக்கி இழுபடுகிறது. ஆகவே பரப்புச் சுருங்க முயல்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. சவர பிளேடைத் தண்ணீரில் மெல்லக் கிடத்தினால் மிதக்கும். சவர்க்கார நீர் சில துளி விட்டால் மூழ்கும். சவர்க்காரம் இழுவிசையைக் குறைத்துவிடுகிறது.

பாகியல் வேறு. ஓடும் திரவத்தின் அடுக்குகள் ஒன்றையொன்று தடுக்கும் உராய்வே அது. தேன் மெல்ல வடிவது இதனால்.

கெட்டியான திரவம் கனமாகவும் இருக்கும், இழுவிசையும் மிகுந்திருக்கும் என்று எண்ணுவது தவறு. தேங்காய் எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது. எனவே அடர்த்தி குறைவு. அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிக்கும் குறைவு. பாகியலோ பல மடங்கு அதிகம். மூன்றும் தனித்தனிக் கணக்கு.

சூடேறினால் திரவத்தில் இழுவிசை, பாகியல் இரண்டும் குறையும். வாயுவில் மட்டும் பாகியல் கூடும்.

இனி ஒரு கணக்கு. சமமான 8 நீர்த்துளிகள் ஒவ்வொன்றும் விநாடிக்கு 5 சென்டிமீட்டர் என்ற மாறா வேகத்தில் விழுகின்றன. அவை ஒரே துளியானால் வேகம் என்ன? பருமன் 8 மடங்கு; ஆதலால் ஆரம் 2 மடங்கு. 1851இல் ஸ்டோக்ஸ் வெளியிட்ட விதியின்படி வேகம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 4 மடங்கு. விடை 20 சென்டிமீட்டர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு முந்திய மாதங்களில் பிள்ளையை மாலைதோறும் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். அந்த இரண்டு மணி நேரம் பாடத்துக்குரியது. கடை அடைத்தபின் அழைத்து, "எண்ணெய் ஏன் மிதக்கிறது? ஏன் மெல்ல ஓடுகிறது?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு காரணம் சொன்னால் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.