சிவந்த மண்ணும் சுமத்திராக் காற்றும்

மழை பெய்து ஓய்ந்த மாலையில் தோட்டத்து ஓடையை உற்று நோக்குவோர், நீர் செந்நிறமாகப் பாய்வதைக் காண்பர். அந்நிறம் நீருக்கு உரியதன்று. நம் ரப்பர் மரங்களின் வேரடியிலிருந்து பெயர்ந்து செல்லும் மண்ணுக்கு உரியது. இம்மண் எவ்வாறு தோன்றிற்று, ஏன் சிவந்தது, இது போய்விட்டால் என்ன நேரும் என்பவற்றைத் தோட்ட மக்கள் அறிந்திருத்தல் நலம்.

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாக விளங்குவது தித்திவங்சா மலைத்தொடர். அதன் உடல் பெரும்பாலும் கிரானைட்டு எனப்படும் கருங்கல். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, மெல்லக் குளிர்ந்து இறுகிய பாறை அது. மேலே மூடியிருந்த நிலம் காலப்போக்கில் தேய்ந்து போனதால் இன்று மலையாக வெளிப்பட்டு நிற்கிறது.

கருங்கல்லைப் போல் உறுதி என்று பேச்சில் சொல்லுகிறோம். வெப்பமும் மழையும் ஓயாத நாட்டில் கருங்கல்லும் உறுதியன்று. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறைக்குள் ஊறுகிறது. பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாக மாறுகிறது. படிகக்கல் மாறாமல் மணலாக உதிர்கிறது. கரிய துணுக்குகளில் அடங்கிய இரும்பு துருப்பிடிக்கிறது. பழைய உளி ஈரத்தில் கிடந்தால் எந்நிறம் கொள்ளுமோ, ஏறக்குறைய அந்நிறத்தை மண்ணும் கொள்கிறது. சாலைக்காக மேடு வெட்டிய இடங்களில் இதனைக் கண்ணாரக் காணலாம்: பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண், அதன் நடுவே இன்னும் சிதையாத உருண்டைக் கற்கள்.

இவ்வாறு கருங்கல்லிலிருந்து பிறந்த மண்ணை மண்ணியலார் ரெங்கம் வகை என்பர். களிப்பாறையிலிருந்து வருவது முன்சோங் வகை. குவாந்தான் பகுதியின் பழைய எரிமலைப் பாறையிலிருந்து வருவது குவாந்தான் வகை. இவை யாவும் ரப்பருக்கு ஏற்றவை. கப்பிக்கல் செறிந்த மலாக்கா வகை மண்ணிலோ வேர் இறங்கத் திணறும்.

மண் ஆழமாக இருப்பதால் வளமாகவும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர், அதாவது 100 அங்குல மழை இறங்கும்பொழுது, சுண்ணமும் சாம்பல் சத்தும் கரைந்து கீழே போய்விடுகின்றன. இரும்பும் அலுமினியமும் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. அவையோ நாம் இடும் பாஸ்பேட்டு உரத்தைப் பற்றிக்கொண்டு, வேருக்கு எளிதில் விடுவதில்லை. எஞ்சிய வளம் எங்கே உள்ளது? இலையும் சுள்ளியும் மட்கிக் கறுத்த மேல்மண்ணில், பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே உள்ளது. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அதனை இழக்கச் சில மழைக்காலங்களே போதும்.

இந்நாட்டுத் தோட்டங்கள் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்தே கற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு புல்லும் இன்றிச் செதுக்கிய நிலமே நல்ல தோட்டத்திற்கு அடையாளமாகக் கருதப்பட்டது. நம் பாட்டனாரும் பாட்டியாரும் வெயிலில் குனிந்து செதுக்கியது அதற்காகத்தான். உழைப்புக்குக் குறைவில்லை, கட்டளைதான் பிழை. மூடாத சரிவுகளிலிருந்து மேல்மண் அரித்துச் சென்று ஆறுகளை மேடாக்கிற்று.

மரங்கள் நிழல் தருகின்றனவே, மழையைத் தடுக்காவா என்று கேட்கலாம். தடுப்பது போலத் தோன்றும். ஆனால் இலை நுனியில் சேர்ந்து பெருத்த துளி, இருபது மீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் விரைவு கொண்டே விழுகிறது. வெறும் மண்ணில் அது சிறு சம்மட்டியாக மோதுகிறது. மண்கட்டி உடைந்து நுண்துளைகள் அடைபடுகின்றன. உள்ளே புக இயலாத நீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. துளியைத் தரைக்கு அருகிலேயே தாங்குவதற்குத்தான் பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற கொடிகளை மூடுபயிராக நடுகிறார்கள். இவை பயறு இனத்தவை. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குபவை. மறுநடவுக் காட்டில் இக்கொடியைக் களையென்று எண்ணி வெட்டிவிடாதிருப்பதே பாதி மண் பாதுகாப்பாகும்.

இனி, பாறைக்கும் கீழே செல்வோம். பூமியின் மேலோடு ஒரே துண்டன்று. மெல்ல நகரும் பெருந்தட்டுகள் பலவாகப் பிளந்து கிடக்கிறது. நாம் வாழும் தீபகற்பமே ஒரு காலத்தில் இரு நிலத்துண்டுகளாக இருந்து, இடையிலிருந்த கடல் மூடிக்கொள்ள ஒன்றோடொன்று மோதி இணைந்தது. அத்தழும்பு பெந்தோங், ரவுப் ஊர்களின் வழியாகச் செல்கிறது. ஈயம் பெரும்பாலும் அதன் மேற்கிலும் பொன் பெரிதும் அதன் கிழக்கிலும் கிடைத்ததற்கு அப்பழைய வரலாறே காரணம்.

இன்று நம் தட்டின் உள்ளே பெரும் அமைதி நிலவுகிறது. ஆனால் சுமத்திராவுக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தரை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 செண்டிமீட்டர் வீதம் நம் தட்டின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. வழுக்கிச் செல்லாமல் சிக்கிக்கொண்ட இடங்களில் இறுக்கம் சேர்ந்து, ஒருநாள் விடுபடுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மலேசிய நேரம் காலை 8.58 மணிக்கு அதுவே நேர்ந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீண்ட பிளவு, 9.1 அளவு நிலநடுக்கம். எழுந்த ஆழிப்பேரலை பிற்பகலில் பினாங்கையும் கெடாக் கரையையும் தாக்க, மலேசியாவில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே பல மணி நேரம் இருந்தது. எச்சரிக்க அமைப்புத்தான் இல்லை. பின்னரே அது நிறுவப்பட்டது. விடுமுறையில் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும்: கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினால், மீன் பொறுக்க இறங்காமல் மேட்டு நிலத்துக்கு விரைய வேண்டும். முதல் அலையே பெரிய அலையாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

நிலத்தின் நகர்வை நாம் உணர்வதில்லை. காற்றின் நகர்வையோ நாள்தோறும் உணர்கிறோம். ஆண்டின் இறுதியில் ஆசியாவின் வடபகுதி குளிர்ந்து, அங்குக் கனத்த காற்று தென்சீனக் கடலைக் கடந்து வருகிறது. இதுவே வடகிழக்குப் பருவக்காற்று. கிளந்தானிலும் திரங்கானுவிலும் இது வெள்ளத்தைக் கொணர்கிறது. தித்திவங்சா மலை தடுப்பதால் மேற்குக் கரைக்கு வேகம் குறைகிறது. ஆண்டின் நடுவில் காற்று திசைமாறித் தென்மேற்கிலிருந்து வீசும். பண்டைத் தமிழ் வணிகர் கடாரத்தில் காத்திருந்தது இத்திசை மாற்றத்திற்காகவே.

பால்வெட்டுத் தொழிலாளர் அஞ்சவேண்டியது இவ்விரண்டினும் சிறியதொரு காற்றை. இரவில் சுமத்திராக் கரையிலிருந்தும் நம் கரையிலிருந்தும் குளிர்ந்த காற்று மலாக்கா நீரிணையை நோக்கி இறங்குகிறது. அங்கு இரண்டும் சந்தித்து, வெதுவெதுப்பான கடற்காற்றை மேலே உந்த, வரிசையாக இடிமேகங்கள் எழுகின்றன. தென்மேற்குக் காற்று அவற்றை விடியலுக்கு முன் நம் பக்கம் தள்ளுகிறது. சுமத்திராக் காற்று என்பது இதுதான். ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் அது வரும் நேரம்தான் கொடியது. இலைகள் நீரை இழக்காத விடியற்பொழுதில் பட்டைக்குள் பால் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது குறையும். ஆகையால் பெரட்டுக்கு நிற்கும் வேளையில் பெய்யும் மழை ஒரு வெட்டு நாளையே கொண்டுபோகிறது. வெட்டிய பின் பெய்தாலோ பால் மங்கில் சேராது பட்டை வழியே வழிந்தோடுகிறது.

வெட்டுக்காயத்தின் மேற்புறம் பட்டையைச் சுற்றி ஒட்டப்படும் நெகிழித்தாள் மழைத்தடுப்பு, இத்தகைய நாட்களில் சிலவற்றை மீட்டுத் தருகிறது. அஃது இல்லாத நிரையில் பட்டை காயும்வரை பொறுத்தே உளி வைக்க வேண்டும். ஈரப் பட்டையில் வெட்டினால் பூசணம் புகுந்து கருங்கோட்டு நோய் பற்றும்; அவ்வாறு அழுகிய இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது.